ஐராவதம் மார்க் தீவனம்

அத்தியாயம் 7

"கன்னையா, தாங்கள் தயைகூர்ந்து அந்த ஜன்னலைத் திறக்க முடியுமா?"

கன்னையன் கையிலிருந்த பீடியைக் காதில் சொருகிக்கொண்டான்.

துப்பறியும் நிபுணர் ஞானதுரையிடம் நாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் அவன். மனிதர் சந்தோஷமாக இருந்தால் 'டேய்' என்பார். சுமாரான நாட்களில் 'கன்னையா' என்பார். கோபம் வந்தால் 'நீங்கள்' வரும். 'தாங்கள்' வந்துவிட்டால் போடிநாயக்கனூரில் யாருக்கோ அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம். 'தயைகூர்ந்து' இதுவரை வந்ததே இல்லை.

ஜன்னலைத் திறந்தான். கீழே சரக்குக் கிட்டங்கியில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை மாடிக்கு ஏறி வந்தது. ஞானதுரை மூக்குக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை. மதுரை ரசாயனக் கூடத்திலிருந்து காலை ரயிலில் வந்த காகிதத்தை, செத்த பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே வந்திருக்கு?"

"இருபத்திரண்டு."

"மூட்டையில புரதம் இருபதுன்னுதான அச்சடிச்சிருக்கான்?"

"ஆமாம். ஜக்கையன் அவர்கள் பொய் சொல்லவில்லை. அடக்கமாகச் சொல்லியிருக்கிறார்."

கன்னையன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். இந்த வழக்கில் குற்றவாளியாக நிற்பது அவனுடைய கூடப் பிறந்த அக்கா.

சிலமலையில் சண்முகத்தாய் என்று கேட்டால் தெரியாதவர் இல்லை. ஒற்றைக் கறவை மாட்டை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள். அடிவாரப் பால் சொசைட்டியில் பால் ஊற்றுகிறாள். ஒரு மாதமாக அவள் பாலில் லாக்டாமீட்டர் என்கிற கண்ணாடிக் குச்சி மிதக்காமல் முங்கியது. பால் நீர்த்திருக்கிறது என்றால் தண்ணீர் கலந்திருக்கிறாள் என்று அர்த்தம். வேறு அர்த்தம் தேடுகிற பழக்கம் சொசைட்டிக்குக் கிடையாது. காரியதரிசி ராக்கையா ஊரே பார்க்க அவள் பாலைத் தெருவில் கொட்டினார். இன்று மாலை கமிட்டி கூடுகிறது. அவள் பெயரை அடித்துவிட்டு, புதிதாக வந்திருக்கும் கலப்படச் சட்டத்தில் புகாரும் கொடுக்கப் போகிறார்கள். தீர்மானம் நிறைவேறினால் மாடு சந்தைக்குப் போகும், அவள் போலீஸ் கச்சேரிக்குப் போவாள்.

சொசைட்டித் தலைவர்தான் ஜக்கையன். மெம்பர்களெல்லாம் கட்டாயம் வாங்கவேண்டிய 'ஐராவதம் மார்க் சமச்சீர் மாட்டுத் தீவன'த்தைத் தயாரிப்பவரும் அவரே. மாட்டுத் தீவனத்துக்கு எதற்கு யானைப் படம் என்று ஒருவர் கேட்டதற்கு, "தின்றால் அப்படி ஆகும்" என்றாராம்.

தீவனம்தான் மோசடி என்பது கன்னையன் கட்சி. ஞானதுரை சும்மா நம்புகிற ஆள் இல்லை. தானே மூன்று மூட்டைகளைப் பிரித்து, தானே அள்ளி, தானே அரக்கு வைத்து மதுரைக்கு அனுப்பினார். அந்த அரக்குதான் இப்போது திரும்பி வந்து முகத்தில் அடித்திருக்கிறது.

"தீவனம் நிரபராதி. தீவனம் தின்ற மாடும் நிரபராதி," என்றார் ஞானதுரை. "மிச்சம் இருப்பது உங்கள் அக்கா."

"அவ தண்ணி கலக்குற ஆளு இல்லண்ணே. அவ கொடுக்குற மோருல கரண்டிய நட்டா கொடிமரம் மாதிரி நிக்கும்."

"தெரியும். குடித்திருக்கிறேன். மென்று தின்றிருக்கிறேன் என்பதே சரி." ஞானதுரை எழுந்தார். "தீவனத்தைக் கையில் அள்ளும்போது புழுதிபோலக் கொட்டியது. எண்ணெய்ப் பசை கிடையாது. மோந்து பார்த்தால் பிண்ணாக்கு மணம் கிடையாது. அதில் புரதம் இருபத்திரண்டு என்கிறார்கள். அந்தப் புரதத்தை அவர்கள் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்று கேட்கவேண்டும். வாருங்கள்."

"நடந்தா, பஸ்சுலயா?"

"தந்தி ஆபீசுக்கு."

ட்ரங்க் கால் என்பது ரகசியம் பேசுவதற்கான சாதனம் அல்ல. ஞானதுரை கத்திய கத்தலில் தபாலாபீசில் முத்திரை குத்துகிற சத்தம் நின்றுபோனது. மணியார்டர் எழுதவந்த பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நன்றாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

"புரதத்தை எப்படிப் பார்த்தீர்கள்? ... பார்க்கவில்லையா? ... என்ன? நைட்ரஜனா? ... அமிலத்தில் வேகவைத்து... சரி... வந்த நைட்ரஜனை ஆறேகாலால் பெருக்கி... அவ்வளவுதானா? ... அய்யா, நார் எவ்வளவு இருந்தது? ... ஏன் பார்க்கவில்லை?"

கொஞ்ச நேரம் மறுமுனையைக் கேட்டுக்கொண்டிருந்தார். காது சிவந்தது. "தாங்கள் சொல்வது நியாயம்," என்று போனை வைத்தார்.

"என்ன சொல்றான்?"

"புரதம் மட்டும் பார்த்துச் சொல்லவும் என்று எழுதிக் கேட்டது நானாம். கேட்டதற்குப் பதில் சொன்னார்களாம். மூட்டையில் ஜக்கையன் எதைப் பெருமையாக அச்சடித்தாரோ அதையே சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் காட்டிய இடத்தில் மட்டும் தேடியிருக்கிறேன். இப்படிப்பட்ட மடையனிடம் தாங்கள் நாலு வருஷமாக எப்படி வேலை பார்க்கிறீர்கள்?"

"சம்பளம் ஒழுங்கா வந்தா இந்தக் கேள்வி எனக்கும் தோணும்ண்ணே. அது கிடக்கட்டும், ஆறேகால் வாய்ப்பாடு எதுக்கு?"

"புரதத்தில் நைட்ரஜன் இருக்கும். புரதத்தை நேராக அளப்பது கஷ்டம், நைட்ரஜனை அளப்பது சுலபம். அதனால் நைட்ரஜனை அளந்து, பெருக்கி, இவ்வளவு புரதம் என்று எழுதிவிடுவார்கள்."

கன்னையன் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்து யோசித்தான். "கல்யாண வீட்டு வாசல்ல செருப்ப எண்ணிப் பாத்து, உள்ள இம்புட்டுப் பேரு இருக்கான்னு எல போடுற மாதிரி."

தபாலாபீஸ் படி இறங்கிக்கொண்டிருந்த ஞானதுரை நடுப்படியில் நின்றார்.

"அப்படியென்றால், உள்ளே ஆளே இல்லாமல் வாசலில் வெறும் செருப்பை மட்டும் கொண்டுவந்து கொட்டியது யார்?"

இருவரும் சிலமலை பஸ் ஏறினார்கள். ஊர் எல்லையில் ராக்கையா தோட்டத்தைத் தாண்டும்போது ஞானதுரை வெளியே கையைக் காட்டினார். அங்கே வாழைகள் கோயில் தூண் கனத்தில், கரும்பச்சையாக, ஆளை மிரட்டுவதுபோல நின்றன.

"போன தையில் இந்த வாழை இப்படியா இருந்தது?"

"இல்லண்ணே. நோஞ்சானா இருந்துச்சு. இப்ப பாருங்க, கஸ்தூரி மாதிரி ஆளு கிட்டப் போனா அடிச்சுப்புடும் போல."

"கஸ்தூரி யார்?"

"எங்க ஒண்ணுவிட்ட மாமன். கூன் விழுந்தவரு."

சண்முகத்தாய் தொழுவில் நின்றிருந்தாள். இடுப்பில் செருகிய சேலையும் கையில் விளக்குமாறுமாக, யாராவது அடிக்கக் கிடைப்பார்களா என்று தேடுகிற தோரணை. பக்கத்தில் மாடு. விலாவெலும்பை எண்ணிவிடலாம். வாயோரம் நுரை.

"என்னடா தம்பி, பேப்பர் வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. தீவனம் ரொம்ப ஒசத்தியாம்."

"ஒசத்தியா?" அவள் விளக்குமாற்றை வீசி எறிந்தாள். அது குறி தவறிப்போய்க் கோழி மேல் விழுந்தது. "இந்த ஒசத்தியத் தின்னுதான் இது எலும்பாக் கெடக்கா? மூஞ்சியத் திருப்பிக்குது, திங்க மாட்டேங்குது, நாந்தேன் வெல்லத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சுத் திங்கவைக்கிறேன். தலைவரு சொல்லிருக்காரே, சொசைட்டி சொல்லிருக்கே, வேற எதும் போடக்கூடாதுன்னு! தின்னுட்டுத் தொட்டி தொட்டியாத் தண்ணி குடிக்குது. அந்தத் தண்ணியத்தான் நான் பால்ல ஊத்துறேன்னு சொல்லுறானுக!"

"வேறு ஒன்றுமே போடுவதில்லையா?" என்று கேட்டார் ஞானதுரை.

"வைக்கோலும் இந்தக் கருமாந்திரமும்தேன் அய்யா. சட்டம்னா சட்டந்தான? எல்லாரும் அப்படித்தான போடுறாக?"

ஞானதுரை வந்த வழியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

கன்னையன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான். கோபம் வந்தால் அவனுக்கு வெற்றிலை வேண்டும், அல்லது கிண்டல் வேண்டும். இன்றைக்கு இரண்டுமே போதவில்லை. சுண்ணாம்பைக் கட்டைவிரலால் வழித்துத் தடவியவன், தொட்டியைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல், சுண்ணாம்பு ஒட்டிய கையாலேயே ஈரத் தீவனத்தை ஒரு பிடி அள்ளிப் பிசைந்தான்.

"இதப் பாருங்கண்ணே! இதத் திங்குமா ஒரு மாடு? இத..."

பேச்சு நின்றது. தலையைப் பின்னுக்கு இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யய்யோ! என்னண்ணே இது, குதிரை லாயத்து நாத்தம்!"

"ஏண்டா, நம்ம தொழுவுல ஏதுடா குதிர?" என்றாள் சண்முகத்தாய்.

ஞானதுரை பாய்ந்து கன்னையன் கையைப் பிடித்துக் கட்டைவிரலை மோந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டார். மறுபடி மோந்தார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்துவிட்டு, இவர் ஏன் இவன் கைக்கு முத்தம் கொடுக்கிறார் என்று திகைத்துத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"டேய் கன்னையா," என்றார் ஞானதுரை.

காலையிலிருந்து முதல் 'டேய்'. கன்னையனுக்கு உயிர் வந்தது.

"இந்த நாத்தத்த இதுக்கு முன்னாடி எங்கடா மோந்திருக்க? யோசி. வெரசா யோசி."

"மோந்திருக்கேன்ண்ணே... ஜக்கையன் கிட்டங்கில! போன மழைக்கு முன்னாடி சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாங்கல்ல? அடிக்கிற ஆளுக கண்ணக் கசக்கிட்டு வெளிய ஓடியாந்தாங்க. தீவனம் இருக்குற பக்கம் இல்ல. அங்கிட்டு, தேயிலை எஸ்டேட்டுக்கு ஜீப்புல ஏத்துற..." கன்னையன் வாய் திறந்தபடியே நின்றது. "உரம்."

"உரம். சீனி மாதிரி வெள்ளையா இருக்குமே, அந்த அமோனியா உரம். சுண்ணாம்பு பட்டா இப்படித்தான் நாறும். நைட்ரஜன் அதுல கொள்ளையா இருக்கு. செக்குல அடுப்பெரிக்கக் கொடுக்குற கடலைத் தொலிய மாவா அரைச்சு, இந்த உரத்தக் கொஞ்சம் தூவி அனுப்புனா, மதுரையில செருப்ப எண்ணி இருபத்திரண்டு பேருன்னு எழுதிக் கொடுப்பான். உள்ள ஒரு மனுசன் இருக்க மாட்டான்."

மாடு தொட்டித் தண்ணீரை உறிஞ்சியது.

"வெல்லத் தண்ணி தெளிச்சு," என்றாள் சண்முகத்தாய். மாட்டின் கழுத்தைத் தடவினாள். "மூஞ்சியத் திருப்புனத, நான்ல புடிச்சு ஊட்டிவிட்டேன்." அடுத்த நொடியில் அவள் குரல் தொழுவே அதிர வெடித்தது. "எங்கடா இருக்கான் அவன்?"

"கூட்டத்துல இருப்பான். வாக்கா, போவோம். அருவாள எடுத்துட்டு வா."

"அரிவாள் வேண்டாம்," என்றார் ஞானதுரை. "நம்ம கையில இருக்குற தாளு அவருக்குத்தான் சாட்சி. நாத்தத்த எழுதிக் கையெழுத்துப் போட எந்த ஆபீசும் கிடையாது. அதனால ஜக்கையனையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். கன்னையா, ஜக்கையன் கிட்டங்கில உன் சிநேகிதன் எவனாவது இருந்தா அந்த உரத்துல ஒரு பொட்டலம் கொண்டா."

பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு ஜன்னல் இரண்டு, ஜக்கையன் படம் நாலு. ஐந்தாவதாக அவரே சரிகை அங்கவஸ்திரத்துடன் நடு நாற்காலியில் இருந்தார். 'கோரட்சண சிகாமணி' என்று ஒரு பட்டம். யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. அச்சடித்தது எந்த அச்சாபீஸ் என்று மட்டும் தெரியும். மேஜை மேல் இடப்பக்கம் வெள்ளிச் செல்லம் நிறைய வெற்றிலை. வலப்பக்கம் வெள்ளிக் கிண்ணம் நிறையத் தீவனம்.

ஒவ்வொரு கூட்டத்தையும் அவர் தொடங்குகிற முறை ஒன்று உண்டு. இன்றும் அப்படியே தொடங்கினார். கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து, எல்லோருக்கும் காட்டி, வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"மனிதன் உண்ணத் தக்கது! பின் மாட்டுக்கு என்ன குறை?"

சுற்றி உட்கார்ந்திருந்த கமிட்டி மெம்பர்கள் ஏழெட்டுப் பேரும் கைதட்டினார்கள். காரியதரிசி ராக்கையா கொஞ்சம் முன்னதாகவே தட்டத் தொடங்கிவிட்டார். வாசலில் ஊர் கூடியிருந்தது.

ஜக்கையன் வெற்றிலை மடித்து, சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவி, கடைவாயில் அதக்கிக்கொண்டார். "அந்தப் பொம்பளைய வரச் சொல்லுங்க. துப்பறியும் சாரும் வந்திருக்காராமே! மதுரைக்கெல்லாம் போன் போட்டாராமே! தபாலாபீசே பேசிக்குது. என்ன சார், எங்க தீவனத்துல சத்து இருக்கா, இல்லையா?"

ஞானதுரை எழுந்து, குனிந்து, காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

"தாங்களே தங்கள் திருவாயால் படித்தருள வேண்டும்."

கன்னையன் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

ஜக்கையன் படித்தார். 'இருபத்திரண்டு' என்ற இடத்தை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை வாசல் பக்கம் திரும்பி நின்று படித்தார்.

"கேட்டீங்களா? எதிராளி அனுப்பிய சோதனை! எதிராளி வைத்த அரக்கு! இப்பச் சொல்லுங்க, பால்ல தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

"தாங்கள் கேட்பது நியாயமே," என்றார் ஞானதுரை. "ஒரே ஒரு சந்தேகம். மதுரையில் சோதித்தது மூட்டையை. தாங்கள் உண்டது கிண்ணத்தை. ஊர் இருக்கிறதே, வாய் சும்மா இருக்காது. இரண்டும் ஒன்றா என்று கேட்கும். சொசைட்டி ஸ்டோரில் தங்கள் ஈய முத்திரை உடையாத மூட்டை இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிடி தாங்கள் உண்டு காட்டினால், நான் இந்த ஊரில் துப்பறிகிற தொழிலையே விட்டுவிடுகிறேன்."

"விட்டுட்டு?" என்றான் கன்னையன் கவலையாக.

"ஐராவதம் மார்க்குக்கு ஏஜெண்டாகிறேன்."

வாசலில் சிரிப்பு. ராக்கையா மூட்டையை இழுத்து வந்து, முத்திரையை எல்லோருக்கும் காட்டி, நூலை அறுத்தார். ஜக்கையன் மூட்டையைப் பார்த்தார். சாமி கும்பிடப் போன இடத்தில் கடன்காரனைப் பார்த்ததுபோலப் பார்த்தார்.

"மூட்டையில தூசி தும்பு இருக்கும். சுகாதாரம் பாக்கணும்ல?"

"என் மாடு அதத்தான திங்குது!" வாசலைப் பிளந்துகொண்டு வந்தது சண்முகத்தாய் குரல். "ஒங்க வாயி என்ன மாட்டு வாய விட ஒசத்தியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பைத் தாங்க முடியாதவர்களில் ஜக்கையன் முதல் ரகம். உப்புக் கரித்தால் விழுங்கிவிட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்க வேண்டும். விருட்டென்று எழுந்து, மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, அண்ணாந்து வாயில் போட்டார்.

கடைவாயில் வெற்றிலை இருந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு இருந்தது.

முதலில் அவர் புருவம் உயர்ந்தது. பிறகு மூக்கு விரிந்தது. கண்கள் பிதுங்கி, இரண்டிலிருந்தும் ஒரே சமயத்தில் நீர் கொட்டியது. "ஹக்" என்று ஒரு சத்தம். சிவப்புச் சாறும் தீவனமுமாக மேஜையில் துப்பினார். அங்கவஸ்திரத்தில் துப்பினார். நாலு படங்களில் ஒன்றின் மேலும் துப்பினார். குதிரை லாய நாற்றம் எழுந்து முதல் வரிசை மெம்பர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியோடு பின்வாங்கினார்கள்.

"விஷம்! மூக்கு எரியுதே! விஷம் கலந்துட்டானுக!"

"முத்திரை தங்களுடையது," என்றார் ஞானதுரை. "கலந்தது யார் என்று தாங்களே சொல்லிவிட்டீர்கள்."

"சுண்ணாம்பு கூடிப்போச்சு... அவ்வளவுதான்... சுண்ணாம்பு..."

"அதையும் பார்த்துவிடுவோம். கன்னையா."

கன்னையன் மூன்று வாழையிலைத் துண்டுகளை மேஜையில் பரப்பினான். ஒன்றில் வெள்ளிக் கிண்ணத்துத் தீவனம். ஒன்றில் மூட்டைத் தீவனம். மூன்றாவதில் கிட்டங்கியிலிருந்து வந்த பொட்டலம். ஜக்கையனின் வெள்ளிச் செல்லத்திலிருந்தே சுண்ணாம்பை எடுத்து, தண்ணீர் தெளித்து, மூன்றையும் பிசைந்தான்.

"வாங்க, வாங்க, மோந்து பாருங்க. காசு வேணாம். கிண்ணத்துத் தீவனம், கடலைப் பிண்ணாக்கு மணக்குது, வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். மூட்டைத் தீவனம், உயிரை எடுக்குது. இந்த மூணாவது இருக்கே, அதே நாத்தம்தான், இன்னும் பலமா. அது என்னன்னா, தலைவரு தேயிலை எஸ்டேட்டுக்கு விக்கிற உரம்."

ஞானதுரை நடந்ததைச் சொன்னார். சுருக்கமாக, செருப்புக் கணக்கோடு சொன்னார். தீவனத்தில் சத்து இல்லை, சத்து இல்லாத மாட்டின் பால் தானே நீர்க்கும், யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்றார். ஊருக்குப் புரிந்தது. சண்முகத்தாய் மேல் புகார் வாங்க வந்து வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்கும் புரிந்தது. ஜக்கையன் முகம் கழுவப் புறப்பட்டபோது அவரும் கூடவே போனார்.

வழக்கமாக இந்த இடத்தில் ஞானதுரை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்றைக்கு உட்கார்ந்தார். கமிட்டி மெம்பர்களைப் பார்த்து உட்கார்ந்தார்.

"ராக்கையா அவர்களே, தாங்கள் ஒரு விஷயம் தெளிவுபடுத்த வேண்டும்."

கன்னையன் திரும்பினான். இன்னுமா 'தாங்கள்'? ஆள்தான் பிடிபட்டாச்சே.

"எல்லா மெம்பரும் இதே தீவனத்தைத்தான் வாங்குகிறீர்கள். ஒரே ஒரு மாட்டின் பால் மட்டும் ஏன் நீர்த்தது?"

ராக்கையா தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஒவ்வொரு மாட்டு வாகு..."

"தங்கள் வாழை மிக அருமையாக வந்திருக்கிறது."

ராக்கையா மேல்துண்டால் நெற்றியைத் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி வேர்த்தது.

"முத மூட்டையிலயே தெரிஞ்சுபோச்சு," என்றார் கடைசியில். "மாடு வாய் வைக்கல. தலைவர் கிட்டச் சொன்னா நம்ம காரியதரிசி வேலை போயிரும். வாங்காமயும் இருக்க முடியாது. அதான்... வாங்கி வாழைக்குப் போட்டேன். மாட்டுக்குப் பிண்ணாக்கு தனியா வாங்குனேன்."

"தென்னைக்கு நல்லாக் கேக்குது," என்றார் பக்கத்தில் இருந்த மெம்பர் தன்னையறியாமல்.

"நான் கத்திரிக்குப் போட்டேன்."

"எங்க வீட்டுல மல்லிக்கு."

ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். கன்னையனுக்கு இதுவரை இருந்த கோபம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. ஜக்கையன் திருடன், திருடன் மேல் கோபப்பட்டால் முடிந்துவிடும். இவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, தன் மாட்டைக் காப்பாற்றிக்கொண்டு, சொசைட்டி சொன்னதை நம்பி ஊட்டியவளைத் தண்ணீர் கலந்தவள் என்று விசாரிக்க மேல்துண்டு மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"சரி விடு ஆத்தா," என்றார் ராக்கையா, சண்முகத்தாயைப் பார்க்காமல். "தீர்மானத்த ரத்து பண்ணிர்றோம். பொறவு என்ன? நாளைக்கு விடியக் கருக்கல்ல வழக்கம்போல பால் கொண்டாந்து ஊத்து."

"ஊத்த மாட்டேன்."

அவள் குரலில் இப்போது சத்தம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என் பாலத் தெருவுல கொட்டுனப்போ ஒமக்குத் தெரியும். இங்கன இருக்குற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். மூடுன அறைக்குள்ள ரத்து பண்ணுனா அது ஒங்க காயிதத்துக்கு. எனக்கு இல்ல. எந்திரிங்க."

"எங்க ஆத்தா?"

"தெருவுக்கு. ஒவ்வொருத்தரா நின்னு, 'தீவனம் ஆகாதுன்னு எனக்குத் தெரியும், மாட்டுக்குப் போடல, சண்முகத்தாய் கிட்டயும் சொல்லல'ன்னு சொல்லணும். சொல்லி முடிங்க. பொறவு பால் ஊத்துறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

ஞானதுரை எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். "தாங்கள் எல்லோரும் இப்படி வரலாம்."

வாசலில் நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. விலகியது கொஞ்சம்தான், காது கேட்கிற தூரத்தில் வட்டமாக நின்றுகொண்டது. கத்திரிக்காரர் முனகலாகச் சொல்லிவிட்டு ஒதுங்கினார். மல்லிக்காரரும் தென்னைக்காரரும் சொன்னார்கள். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி சொல்லி முடித்தார்கள். கடைசியாக ராக்கையா வந்து நின்றார். செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

"சத்தமா," என்றாள் சண்முகத்தாய்.